தொடப்படாத உச்சவரம்பு: ஸ்பெயினின் 2015 ஆணைச்சட்டத்தை மீண்டும் வாசித்தல்

ஸ்பெயினின் முதல் பிரிவுக் கால்பந்துத் தொடரான லா லிகாவின் கழகங்கள் தங்கள் ஒளிபரப்பு உரிமையைக் கூட்டாக விற்கச் செய்த 5/2015 அரச ஆணைச்சட்டத்தைச் சமத்துவத்தின் திருப்புமுனையாகப் படிப்பவர்கள், அதன் ஓர் எண்ணையே சான்றாகக் காட்டுகிறார்கள். அதிகம் பெறும் கழகத்தின் தொகை, குறைவாகப் பெறும் கழகத்தின் தொகையைப் போல 4.5 மடங்கைத் தாண்டக்கூடாது என்பதே அது. அந்தச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவிலுள்ள பங்கீட்டு வாய்பாட்டைக் கணக்கிட்டுப் பார்த்தால் அந்த வாசிப்பு நிற்கவில்லை.

முதல் பிரிவுக்குரிய தொகையில் பாதி 20 கழகங்களுக்கும் சமம், ஒவ்வொன்றுக்கும் 2.5 விழுக்காடு. கால்வாசி ஆட்ட முடிவுகளுக்கு. அதில் முதலிடம் 17 விழுக்காடு பெறும். மொத்தத்தில் அது 4.25. எஞ்சிய கால்வாசி ‘சமூக வேரூன்றல்’ என்ற தலைப்பில் வருகிறது. இதில் எந்தக் கழகமும் 20 விழுக்காட்டுக்கு மேலோ 2 விழுக்காட்டுக்குக் கீழோ பெற முடியாது. மொத்தத்தில் அவை முறையே 5, 0.5. அனைத்திலும் உச்சத்தில் இருக்கும் கழகம் 11.75 பெறும். ஆட்ட முடிவுகளில் ஒன்றுமே பெறாத கழகத்துக்கும் 3 கிடைக்கும். மடங்கு 3.92. வாய்பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டால், 4.5 என்ற வரம்பை எட்டவே வழியில்லை. வருவாய் பெருகும்போது அந்த வரம்பு 3.5 வரை இறங்கும் என்பது உண்மை. அந்நிலையில் அது விளிம்பில் சற்றுக் கடிக்கலாம். அதற்கு மேல் அதனிடம் எதையும் எதிர்பார்ப்பது மிகை.

ஏற்றத்தாழ்வு உண்மையில் குடியிருப்பது வேரூன்றல் பகுதியில்தான். அந்தப் பகுதிக்குள் 10 மடங்கு வேறுபாட்டைச் சட்டமே அனுமதிக்கிறது. அதன் மூன்றில் ஒரு பங்கு, கடந்த 5 பருவங்களின் சந்தா, நுழைவுச்சீட்டு வசூலைப் பொறுத்தது. மூன்றில் இரண்டு பங்கு, தொலைக்காட்சி வருவாயை ஈட்டுவதில் கழகத்துக்குள்ள பங்கைப் பொறுத்தது. இந்த அளவுகோல் வேரை அளக்கவில்லை, பழைய வசூலையே அளக்கிறது என்பது என் துணிபு. பாஸ்க் நாட்டின் சிற்றூர்க் கழகமான எய்பார் 2014இல்தான் முதன்முறையாக முதல் பிரிவுக்கு வந்தது. 2015–16க்கு முந்தைய 5 பருவங்களில் மூன்றை அது மூன்றாம் அடுக்கில் கழித்திருந்தது. ஊரோடு அதற்கிருந்த பிணைப்பு எவ்வளவு ஆழமானாலும், அந்தச் சிறு அரங்கின் வசூல் பார்சிலோனாவின் அரங்க வசூலோடு ஒரே தராசில் நிறுக்கப்பட்டது. வேரூன்றல் என்ற சொல் இதற்குப் பொருந்துமா?

பெரிய கழகங்களே பார்வையாளர்களை ஈர்க்கின்றன, ஆகவே கூடுதல் பங்கு நியாயம் என்பார்கள். எதிரணி இல்லாமல் எந்த ஆட்டமும் ஒளிபரப்பாவதில்லை. அந்த வாதத்துக்கு இதற்கு மேல் இடம் தேவையில்லை. ஐரோப்பியப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கின் பணமே பெரிய இடைவெளியை உண்டாக்குகிறது என்ற மறுப்பு கனமானது. ஆனால் அது ஐரோப்பியக் கால்பந்துச் சங்கம் திருத்த வேண்டியது. மாட்ரிட்டில் எழுதப்பட்ட சட்டத்தின் குறைக்கு அது சமாதானம் ஆகாது.

எனவே திருத்தத்தைக் கோருபவர்கள் மடங்கு வரம்பை விட்டுவிட்டு வேரூன்றல் பகுதியின் 20 விழுக்காட்டு வரம்பைத் தொட வேண்டும். அதை 10 ஆக்கினால் உச்சப் பங்கு 9.25க்கு இறங்கும். வேறு எதையும் மாற்றாமலே மடங்கு 3.08 ஆகும்.