யார் உகந்த திருமேனி?

நிர்மாணக் கலை (இன்ஸ்டலேஷன் என்றால்தான் பலருக்கும் புரிகிறது) பார்வையாளரின் உடம்பைத் தனக்குள் நடக்கவைப்பது. ஓவியத்துக்கு எதிரே நிற்கலாம். இதற்குள்ளே போயாக வேண்டும். இப்போது அதையே கண்ணாடி மாட்டிக்கொண்டோ கைபேசியைத் தூக்கிப் பிடித்தோ பார்க்கிற ‘கலப்பு மெய்ம்மை’யாக மாற்றிவிடலாம், பார்ப்பவர் கைபட்டால் படைப்பே மாறும் என்கிறார்கள். 1994இல் பால் மில்கிராமும் ஃபூமியோ கிஷினோவும் இதற்கு ஒரு அளவுகோல் போட்டார்கள். ஒரு முனையில் முழு நிஜம். மறுமுனையில் முழுக்க இயந்திரம் உண்டாக்கிய உலகம். நடுவில் இருப்பதெல்லாம் கலப்பு. யார் விருப்பத்தில், யார் சம்மதத்தில் என்ற கேள்விக்கு அந்தக் கோட்டில் இடமில்லை.

அந்தக் கேள்வி ஸ்ரீபெரும்புதூரில் இருக்கிறது. ராமாநுஜருக்கு மூன்று திருமேனிகள் என்பது வைணவ மரபு. மேல்கோட்டையை விட்டு அவர் கிளம்பியபோது பிரிவு தாங்காத சீடர்களுக்காக உண்டானது தமர் உகந்த திருமேனி. பிறந்த ஊரான ஸ்ரீபெரும்புதூரில் இருப்பது தான் உகந்த திருமேனி; உயிரோடிருக்கையிலேயே அதைத் தழுவித் தம் சக்தியை அதில் வைத்தார் என்பது ஐதீகம். ஸ்ரீரங்கத்தில் தானான திருமேனி, உடலே உருவமாக. பக்தி ஒருபுறம் இருக்கட்டும். யார் உகந்தது என்பதை வைத்து உருவங்களைப் பிரித்த கோட்பாடு இது. நம் அழகியல் பேச்சுக்குள் இது ஏன் வருவதில்லையோ.

ஜெஃப்ரி ஷாவும் சாரா கெண்டர்டைனும் 2006இல் செய்த ‘பிளேஸ்–ஹம்பி’யை இதை வைத்துப் பார்க்கலாம். ஷா இந்தத் துறையில் பழைய கை. எழுத்துகளால் ஆன நகரத்துக்குள் பார்வையாளரை சைக்கிள் மிதிக்கவைத்த ‘லெஜிபிள் சிட்டி’ அவருடையது. ஹம்பியில் சுற்றுத்திரை, நடுவே சுழலும் மேடை, முப்பரிமாணக் கண்ணாடி. இடிபாடுகளின் அகலப்படங்களுக்குள் புராண உருவங்கள் அனிமேஷனில் உலவுகின்றன. மேடையைத் திருப்புகிற பிடி ஒருவர் கையில். கூட நிற்பவர்கள் அவர் திருப்பிய பக்கம் பார்க்க வேண்டியதுதான். ஊடாட்டம்னு சொல்றது இவ்வளவுதானா! ஐரோப்பாவில் காட்டப்பட்ட இது பின்னாளில் ஹம்பிக்கு அருகே, தோரணகல்லின் எஃகு ஆலை நகரியத்தில் வந்து நிலைத்தது. இடையில், 2011 ஜூலையில், விருபாட்சர் கோயிலுக்கு முன்னால் கடைத்தெரு மண்டபங்களில் குடியும் கடையுமாக இருந்தவர்களை நிர்வாகம் பாரம்பரியப் பாதுகாப்பு என்ற பேரில் இடித்து அப்புறப்படுத்தியது. இரண்டுக்கும் காரணகாரியத் தொடர்பு கிடையாது. ஆனாலும் திரையில் தெய்வங்களுக்கு இடம் கிடைத்தது, தெருவில் கடை போட்டிருந்தவருக்குக் கிடைக்கவில்லை. தமர் உகந்த ஹம்பிதான், எந்தத் தமர்?

ஸ்ரீபெரும்புதூரிலும் நெடுஞ்சாலையோரம் ஒரு நிர்மாணம் நிற்கிறது. 1991 மே 21 இரவு ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட இடத்தில் 2003இல் திறக்கப்பட்ட நினைவகம்; கே.டி. ரவீந்திரன் வடிவமைத்தது. தர்மம், சத்தியம், தியாகம் என்று விழுமியங்களின் பேரில் ஏழு தூண்கள். அவர் கடைசியாக நடந்த இடத்தில் நாமும் நடக்கிறோம். நம் நடையில்தான் பிரதி முடிகிறது. கருவி எதுவும் இல்லாமலே கலப்பு மெய்ம்மை. அன்றிரவு அவரோடு பத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். காவலர்கள், கட்சிக்காரர்கள், ஒரு புகைப்படக்காரர். புலனாய்வுக்கு முதல் தடயம் தந்தது அந்தப் புகைப்படக்காரரின் கேமராதான். அவரையும் சதியில் சேர்த்தே சொன்னது புலனாய்வு. நாளைக்கு இந்தத் தூண்கள்மேல் ஒரு டிஜிட்டல் படலம் போர்த்தினால் தலைவர் குரலோடு வருவார், சந்தேகமில்லை. காவலர் வருவாரா? புகைப்படக்காரரை எந்தப் பக்கம் நிறுத்துவார்கள்?

படலத்தைக் காட்டப்போகிற கைபேசி இந்தச் சாலையிலேயே பூட்டப்படுகிறது. 2006இல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா 2014 நவம்பரில் மூடியது. பிறகு வேறு கம்பெனிகள், சுங்குவார்சத்திரம் வரைக்கும். பூட்டுகிற கைகளில் பெரும்பாலானவை வெளியூரிலிருந்து வந்த இளம்பெண்களுடையவை. விடுதி, ஷிப்ட், கம்பெனி பஸ். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தபின், ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். யாரும் வடித்துக் கொடுக்காத, தாங்களே உகந்து நிறுத்திய உருவம். வண்டிகள் நின்றன. மூடிய ஆலை 2022 ஜனவரியில்தான் மறுபடி திறந்தது.