ஏழு மதில்களும் ஒரு நாச்சியாரும்

திருச்சி மலைக்கோட்டையின் உச்சியில் நின்று வடக்கே நோக்குவோருக்குக் காவிரிக்கு அப்பால் திருவரங்கத்தின் கோபுரங்கள் வரிசையாய்த் தோன்றும். ஒன்றினுள் ஒன்றாய் ஏழு மதிற்சுற்றுகள். வெளிச்சுற்றுகளில் வீடும் கடைவீதியும் உண்டு, யாவரும் நடமாடலாம். உள்ளே செல்லச் செல்ல உரிமை சுருங்கும். கருவறைக்குள் அர்ச்சகர் மட்டுமே.

இவ்வமைப்பு நமக்குப் பைத்துல் முகத்தஸின் பழைய ஆலயத்தையே நினைவூட்டுகிறது. ஏரோது மன்னன் விரிவுபடுத்திய அவ்வாலயத்தில் புறவினத்தார்க்கு ஒரு முற்றம். அதைத் தாண்டிப் பெண்டிர் முற்றம், இஸ்ரவேல் ஆடவர் முற்றம், குருமார் முற்றம். எல்லாவற்றுக்கும் உள்ளே, திரைக்குப் பின்னால், மகா பரிசுத்த தலம். அங்கே தலைமைக் குரு ஒருவரே, அதுவும் ஆண்டில் ஒரே நாள் நுழையலாம் என்பது லேவியராகமத்தின் விதி. எல்லை கடக்கும் அந்நியன் தன் சாவுக்குத் தானே பொறுப்பு என்று கிரேக்க மொழியில் எச்சரிக்கும் கல்லொன்று 1871இல் எருசலேமில் கண்டெடுக்கப்பட்டது. இன்று அது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

தாவூது நபி (அலை) காலத்து நிகழ்ச்சியொன்றை யூத வேதம் கூறுகிறது. மாடுகள் இடறியபோது, உடன்படிக்கைப் பேழை விழாதிருக்கக் கைகொடுத்தான் ஊசா என்பவன், அவ்விடத்திலேயே மாண்டான். நல்லெண்ணங்கூட அவனைக் காக்கவில்லை. மதில் எதற்காக? புனிதத்தை மனிதனிடமிருந்து காக்கவா, மனிதனைப் புனிதத்திடமிருந்து காக்கவா? ஊசாவின் கதை இரண்டாவதையே சொல்கிறது. நம் நாட்டு மதில்களோ பெரும்பாலும் முதலாவதைச் சொல்லின, பிறப்பையே தீட்டாக்கின. உறையூரில் தோன்றிய திருப்பாணாழ்வார் காவிரிக் கரையோடு நின்றவர். அவர்மீது கல்லெறிந்த உலோகசாரங்க முனிவரே பின்னர் அவரைத் தோளில் சுமந்து சந்நிதிக்குள் சென்றார் என்பது வைணவ மரபு. தோளேறியவர் ஒருவர், அவர் இனத்தாருக்குச் சட்டப்படி வாயில் திறக்க 1947இன் ஆலயப் பிரவேசச் சட்டம் வரவேண்டியிருந்தது.

படைகளுக்கு மதில் ஒரு பொருட்டன்று. 1323இல் தில்லிப் படை இக்கோயிலைச் சூறையாடியது. வெளியே கொண்டு செல்லப்பட்ட திருவுருவம் 1371இல்தான் திரும்பியது. 1751இல் ஆங்கிலேயப் படை மூன்று சுற்றுகள் வரை புகுந்தபோது, இனியும் நெருங்கவேண்டா என அந்தணர் மன்றாடியதை ராபர்ட் ஓர்ம் எழுதிவைத்திருக்கிறார்.

இத்தனைக்கும் நடுவே, உட்பிராகாரத்தில் துலுக்க நாச்சியார்! அரங்கன்மேல் காதல் கொண்டு தில்லியிலிருந்து வந்த சுல்தானின் மகள் என்று கதை. எந்தச் சுல்தான் என்பதில் மரபுகள் ஒன்றுபடவில்லை. வரலாறாக இதை நாம் ஏற்பதற்கில்லை. ஆயினும் சிலையின்றி, சுவரில் தீட்டிய ஓவியமாகவே அவளை வைத்ததும், அவள் பொருட்டு ரொட்டியும் வெண்ணெயும் படைப்பதும், அரங்கனுக்குக் கைலி சாத்துவதும் வெறுங்கற்பனையல்ல, இன்றும் நடப்பவை.

அவளைக் காண நமக்கு வழியில்லை. இந்துக்கள் அல்லாதார்க்கு அனுமதியில்லை என்னும் பலகையோடு நாம் திரும்பிவிடுகிறோம். பழனிக் கோயில் வழக்கில் 2024 ஜனவரியில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையும் கொடிமரத்தையே எல்லையாக வைத்தது. இதில் மனத்தாங்கல் கொள்ள நமக்கு இடமுண்டா? மக்கா நகருக்குள் முஸ்லிமல்லாதார் நுழைய முடியாது. மும்பை ஹாஜி அலி தர்காவில் அடக்கத்தலம் வரை பெண்கள் செல்வதற்கிருந்த தடையை, 2016இல் நீதிமன்றமே நீக்கவேண்டியிருந்தது.

ஆற்றுக்கு இக்கரையில் நத்ஹர் வலியின் தர்காவில் கொடிமரப் பலகை ஏதுமில்லை. பூவும் சர்க்கரையுமாக வருவோரில் திருவரங்கத்தாரும் உண்டு; வாயிலில் அவர்களை ஊர் கேட்பாரில்லை.