நாய் இதயப்புழு நோய்த் தடுப்பு

நாய் இதயப்புழு நோய், டைரோஃபைலேரியா இம்மிட்டிஸ் என்னும் உருளைப்புழுவால் வருவது. கொசுவழியே பரவும், நாயிடமிருந்து நாய்க்கு நேரடியாகத் தொற்றாது. வளர்ந்த புழுக்கள் பெரும்பாலும் நுரையீரல் தமனிகளில் குடியிருக்கும். எண்ணிக்கை மிகுந்தால் இதயத்தின் வலப்புற அறைகளுக்கும் வரும். சேமியா போல் வெளுத்து மெலிந்த பெண்புழு 25 முதல் 30 செ.மீ. வரை நீளும், 5 முதல் 7 ஆண்டுகள் வாழும். இருமல், சீக்கிரமே களைத்துப்போவது, எடை குறைவது, முற்றிய நிலையில் வயிற்றில் நீர் கோப்பது ஆகியவை அறிகுறிகள். முதல் சில மாதங்களில் எதுவும் வெளியே தெரியாது.

நோயுற்ற நாயின் இரத்தத்தில் திரியும் நுண்புழுக்களைக் கொசு உறிஞ்சிக்கொள்கிறது. வெப்பமான பருவத்தில் 10 முதல் 14 நாட்களில் அவை கொசுவின் உடலுக்குள் தொற்றும் பருவத்தை அடைகின்றன. வெப்பநிலை 14 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் அந்த வளர்ச்சி நின்றுவிடும். கொசு மறுபடி கடிக்கும்போது இளம்புழு கடிவாய் வழியே நாயின் உடலுக்குள் நுழைகிறது. தோலடியிலும் தசையிலும் வளர்ந்து, ஏறத்தாழ மூன்று மாதங்களில் நுரையீரல் தமனியைச் சேர்கிறது. நுழைந்து 6, 7 மாதங்களில் புதிய நுண்புழுக்களை ஈனத் தொடங்குகிறது.

தடுப்பு மருந்து வேலை செய்யும் விதம் இந்தக் கால அளவைச் சார்ந்தது. ஐவர்மெக்டின், மில்பெமைசின், செலாமெக்டின், மாக்சிடெக்டின் ஆகியவை கொசுவை விரட்டுவதற்கானவை அல்ல. மாதாமாதம் தரும் மாத்திரையோ, தோலில் விடும் சொட்டு மருந்தோ, முந்தைய ஒரு மாத அளவில் புகுந்த இளம்புழுக்களைக் கொன்று தீர்க்கிறது. ஏறத்தாழ 50 நாட்களைத் தாண்டிய புழுக்களிடம் மாத அளவு மருந்தை நம்ப முடியாது. எனவே மருந்து தேதி தள்ளிப்போவதை அலட்சியமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மறந்துபோகும் வீடுகளுக்கு மாக்சிடெக்டினின் நெடுநாள் ஊசி பொருத்தமானது. வகையைப் பொறுத்து 6 அல்லது 12 மாதங்கள் பலன் தரும். கொசு ஆண்டு முழுதும் இருக்கும் ஊர்களில் மருந்தும் ஆண்டு முழுதும் தேவை.

ஐவர்மெக்டினின் மாத அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 6 மைக்ரோகிராம். அதாவது 10 கிலோ நாய்க்கு 60 மைக்ரோகிராம் போதும். மாட்டுக்குப் போடும் 1 சதவீத ஊசி மருந்திலோ ஒரு மில்லிலிட்டரில் 10,000 மைக்ரோகிராம் இருக்கிறது! அதைக் கண்மதிப்பில் அளந்து நாய்க்குக் கொடுப்பது சிக்கனம் அல்ல, ஆபத்து. கோலி இனத்திலும் அதைச் சார்ந்த சில மேய்ப்பு நாய் இனங்களிலும் எம்.டி.ஆர்.1 மரபணுப் பிறழ்வு பரவலாக உண்டு. அப்பிறழ்வுள்ள நாய்களுக்கு மாதத் தடுப்பு அளவு தீங்கு செய்வதில்லை என்றாலும், மிகை அளவு மூளையைத் தாக்கும்.

அமெரிக்காவில் நாய்களுக்கான மாதாந்திர ஐவர்மெக்டின் 1987-இல் அனுமதி பெற்றது. அதற்கு முன் டைஎத்தில்கார்பமசின் மாத்திரையைத் தினமும் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த மாத்திரையை இரத்தத்தில் நுண்புழு உள்ள நாய்க்குக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். இன்றும் வளர்ந்த நாய்க்கு மருந்தைத் தொடங்குமுன் இரத்தப் பரிசோதனை செய்வதே முறை. வழக்கமான எதிர்ச்செனிச் சோதனை முதிர்ந்த பெண்புழுவையே காட்டும். அண்மைத் தொற்று அதில் சிக்காது. எனவே ஆண்டுதோறும் சோதிக்கிறார்கள். மிசிசிப்பி ஆற்றின் கீழ்ப்பள்ளத்தாக்கில் மருந்துக்கு அடங்காத புழு வகைகள் கண்டறியப்பட்டிருப்பதால், ஒழுங்காக மருந்து பெறும் நாய்க்கும் சோதனை வேண்டும்.

தடுக்கத் தவறினால் சிகிச்சை கடினம். ஆர்சனிக் கலந்த மெலார்சோமின் ஊசியை இடுப்புத் தசையில் ஆழமாகப் போடுவார்கள். இறந்த புழுக்களின் துணுக்குகள் நுரையீரல் இரத்தக் குழாய்களை அடைக்கக்கூடும் என்பதால், நாயை ஓடவிடாமல் மாதக்கணக்கில் அடக்கி வைக்க வேண்டும்.

இந்தியாவில் இதயப்புழு வடகிழக்கு மாநிலங்களில் அதிகம் பதிவாகியிருக்கிறது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் நாய்களிடம் பரவலாக இருப்பது அதன் உறவான டைரோஃபைலேரியா ரெப்பன்ஸ். இது தோலடியில் வாழ்வது, மனிதரின் கண்ணிலிருந்தும் எடுக்கப்பட்டிருப்பது. எனவே இப்பகுதி நாயின் இரத்தத்தில் நுண்புழு தெரிந்த உடனே இதயப்புழு என்று முடிவுகட்டி மெலார்சோமின் ஊசிக்குப் போகக் கூடாது. எந்த இனப் புழு என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும்.