பந்தலின் கீழே ஒரு வீடு

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்திலிருந்து கம்பம் பள்ளத்தாக்குக்குப் போய்த் திரும்பும் நம்மவர்களை ஒரு நோய் பிடித்துக்கொள்கிறது. சுருளிப்பட்டிப் பக்கம் ஓர் ஏக்கர் வாங்க வேண்டும், திராட்சைப் பந்தல் போட வேண்டும், அதை ஒட்டி ஓர் ஓட்டு வீடு கட்டிக்கொள்ள வேண்டும் என்று சில வாரங்களுக்கு இதே பேச்சு. கரிசலும் சீமைக் கருவேலமும் மணலோடிய குண்டாறுமே கண்டு பழகிய நமக்கு, தலைக்கு மேல் கறுத்துத் தொங்கும் பன்னீர்த் திராட்சை வேற்றுலகம்தான். மருந்தடிக்கும் செலவு, மழையில் வெடிக்கும் பழம் என்று தோட்டக்காரர் புலம்புவது நம் காதில் ஏறுவதில்லை.

போர்தோவின் கொடிமுந்திரிக் குன்றுகளைப் பார்த்துவிட்டு அங்கேயே குடியேறத் துடிக்கும் மேல்நாட்டாரைப் பற்றிப் படித்திருக்கிறோம். அவர்களுடைய கனவில் மது இருக்கிறது. நம்முடையதில் இருப்பது தண்ணீர். (மதுவும் நமக்குப் புதிதன்று. யவனர் கொண்டுவந்த தேறலைப் புறநானூற்றில் நக்கீரர் பாண்டியனிடம் பேசுகிறார். வைகை முகத்துவாரத்து அழகன்குளத்தில் ரோமானிய மதுச்சாடிகளின் ஓடுகள் அகழ்ந்தெடுக்கப்பட்டிருக்கின்றன.)

பன்னீர்த் திராட்சையை 1832இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் தமிழகத்துக்குக் கொண்டுவந்தார் என்பார்கள். அந்த ஆண்டை நம்ப நமக்குத் தயக்கம் உண்டு. மஸ்கட் ஹாம்பர்க் என்னும் இந்த ரகம் இங்கிலாந்தில் 1850 வாக்கில்தான் உருவானதாகத் திராட்சை நூலோர் சொல்கிறார்கள். யார் கொண்டுவந்தாலும், கொடி அங்கே தழைத்து ஆண்டு முழுவதும் காய்க்கிறது. 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

அந்தப் பசுமைக்கு அடிப்படை 1895இல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாற்று அணை. பென்னிகுவிக்கைப் பள்ளத்தாக்கு மக்கள் தெய்வமாகக் கொண்டாடுகிறார்கள், தகும். ஆனால் மேற்கே பாயும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பி வைகையில் விடலாம் என்று 1789இலேயே ஆராய்ந்தவர் இராமநாதபுரம் முத்துராமலிங்க சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை. செலவு தாங்காதென்று கைவிட நேர்ந்தது. 1808இல் கேப்டன் கால்டுவெல் மலையை அளந்து பார்த்து, நடவாத காரியம் என்று எழுதிவிட்டார். பிறகு தாது வருஷப் பஞ்சம் வந்து சனங்களை வாரிக்கொண்டு போனது. அதற்கப்புறமே சர்க்காருக்கு வேகம் பிறந்தது. 1886இல் திருவிதாங்கூரோடு 999 ஆண்டுக் குத்தகை. அடுத்த ஆண்டு வேலை தொடக்கம்.

அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் அன்று சேதுபதி சீமை. 1985இல் விருதுநகர் மாவட்டம் பிரியும்வரை இராமநாதபுரத்தோடு இருந்த ஊர்கள். கனவு கண்டது இந்தச் சீமை. தண்ணீர் கம்பத்தை நனைத்து, மதுரையையும் மேலூரையும் செழிக்கவைத்தது. வைகைக் கடைமடைக்கு மிச்சமே வந்தது. மழையை நம்பிய குண்டாற்றுக்கு அதுவும் இல்லை. அது தனி வடிநிலம். கம்பத்துத் தோட்டத்தில் நாம் உணரும் ஏக்கத்தில் ஓர் உரிமைக்குரலும் கலந்திருப்பதாகவே நமக்குத் தோன்றுகிறது. வரைபடத்தில் அதற்கு இடமில்லை என்பது வேறு விஷயம்.

2021 பிப்ரவரியில் காவிரி–வைகை–குண்டாறு இணைப்புக் கால்வாய்க்கு அடிக்கல் நாட்டினார்கள். மாயனூரில் புறப்படும் அந்தக் கால்வாயின் கடைக்கோடி நம் குண்டாறு. கம்பம் போய்வந்த நண்பர்களில் சிலர் பந்தலுக்குக் கல்தூண் என்ன விலை என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார்கள்.