தாய்ப்பாலும் எச்.ஐ.வி.யும்: ஆப்பிரிக்கா தந்த பாடம்

பிறந்த குழந்தைக்கு முதல் உணவும் முதல் மருந்தும் தாய்ப்பாலே. இவ்வுண்மையை மாந்த இனம் ஏட்டில் படித்து அறியவில்லை. தாயிடமிருந்து மகளும், மகளிடமிருந்து பேத்தியும் என வழிவழியாகக் கற்றுக்கொண்டது. ஆயினும், இருபதாம் நூற்றாண்டின் இறுதியில், ஆப்பிரிக்கக் கண்டத்தின் கிழக்கிலும் தெற்கிலும் வாழ்ந்த எண்ணற்ற தாய்மாருக்கு அப்பாலே அச்சந்தரும் பொருளாயிற்று. ஊட்டினால் தம் உடலிலுள்ள நோய் குழந்தையைப் பற்றக்கூடும். ஊட்டாவிட்டால் பசியும் வயிற்றுப்போக்கும் அதன் உயிரைக் கவரக்கூடும். இவ்விரண்டுக்கும் இடையே அத்தாய்மார் தவித்த வரலாறும், அத்தவிப்பினின்று மருத்துவ உலகம் கற்ற பாடமும் நாம் அறியத்தக்கவை.

கானாவும் மலாயாவும்

எச்.ஐ.வி.யை உலகம் அறிவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே இவ்வரலாற்றுக்கு முன்னுரை எழுதப்பட்டுவிட்டது. ஜமைக்காவில் பிறந்த சிசிலி வில்லியம்ஸ் என்னும் மருத்துவர், பிரிட்டிஷ் ஆட்சியின்கீழ் இருந்த கோல்ட் கோஸ்ட்டுக்கு, அதாவது இன்றைய கானாவுக்கு, 1929ஆம் ஆண்டு பணியாற்றச் சென்றார். அங்கே தவழ்ந்து நடக்கும் பருவத்துக் குழந்தைகள் பலர் கை கால் வீங்கி, தோல் உரிந்து, முடி வெளிறி இறப்பதைக் கண்டார். கா மொழி பேசிய அந்நாட்டுத் தாய்மார் அந்நோயைக் ‘குவாஷியோர்க்கர்’ என்றனர். அடுத்த குழந்தை பிறந்ததும் தாயின் மடியிலிருந்து இறக்கப்பட்ட குழந்தைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள்.

நோயின் காரணம் அப்பெயரிலேயே அடங்கியிருந்தது. தாய்ப்பால் நின்றுபோயிற்று, அதற்கு ஈடாகக் கிடைத்ததோ புரதச்சத்துக் குறைந்த மக்காச்சோளக் கஞ்சி. சிசிலி வில்லியம்ஸ் 1933இல் இந்நோயைப் பற்றி மருத்துவ ஏட்டில் எழுதினார். 1935இல் தாய்மார் வழங்கிய பெயரையே உலகுக்கு அறிமுகப்படுத்தினார். படித்த மருத்துவர் ஒருவர், எழுத்தறியாத தாய்மாரின் சொல்லுக்குச் செவிசாய்த்ததால் விளைந்த கண்டுபிடிப்பு அது.

1936ஆம் ஆண்டு அவர் மலாயாவுக்கு மாற்றப்பட்டார். இங்கே அவர் கண்டது வேறொரு கேடு. பாலூட்ட இயன்ற தாய்மாரிடமும், டின்னில் அடைத்த இனிப்புப் பாலே குழந்தைக்குச் சிறந்தது என்னும் எண்ணம் பரப்பப்பட்டு வந்தது. 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி மன்றத்தில் ‘பாலும் கொலையும்’ என்னும் பொருள்பட்ட தலைப்பில் அவர் உரையாற்றினார். தவறான பாலூட்டலைப் பரப்புவதால் நேரும் குழந்தை மரணங்களைக் கொலையாகவே கருதவேண்டும் என்று அஞ்சாது கூறினார். ஜப்பானியர் ஆட்சியில் சாங்கியில் சிறையிருந்த அவர், போருக்குப் பின் 1948இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் தாய்சேய் நலப் பிரிவுக்குத் தலைமையேற்றார்.

அவர் தொடங்கிய போராட்டம் நெடுங்காலம் நடந்தது. 1981ஆம் ஆண்டு மே மாதம், தாய்ப்பாலுக்கு மாற்றான உணவுகளை விளம்பரப்படுத்துவதைக் கட்டுப்படுத்தும் அனைத்துலக நெறிமுறையை உலகச் சுகாதாரப் பேரவை ஏற்றுக்கொண்டது. தாய்ப்பால் வென்றது என்று பலரும் மகிழ்ந்தனர். அடுத்த மாதமே, பின்னர் எய்ட்ஸ் எனப் பெயர் பெற்ற நோயைப் பற்றிய முதல் மருத்துவ அறிக்கை அமெரிக்காவில் வெளிவந்தது.

புதிய நோயும் பழைய ஐயமும்

எய்ட்ஸை உண்டாக்கும் கிருமி 1983இல் பாரிஸ் நகரின் பாஸ்டர் ஆய்வு நிலையத்தில் கண்டறியப்பட்டது. மகப்பேற்றுக்குப் பின் ஏற்றப்பட்ட இரத்தத்தால் நோயுற்ற ஒரு தாயிடமிருந்து, பால் வழியாகக் குழந்தைக்கும் கிருமி பரவியதாகத் தெரியவந்த செய்தி 1985இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வெளியாயிற்று. கருப்பையிலும், பேற்றின் போதும், பாலூட்டும் காலத்திலும் இக்கிருமி தாயிடமிருந்து சேய்க்குச் செல்லக்கூடும். மருந்து ஏதும் கொடுக்கப்படாவிட்டால், இத்தகைய தாய்மார்க்குப் பிறக்கும் குழந்தைகளுள் 15 முதல் 45 விழுக்காட்டினரை நோய் பற்றும். சகாராவுக்குத் தெற்கேயுள்ள நாடுகளே இதனால் பெரிதும் அல்லலுற்றன.

கருவுற்ற தாய்க்கும் பிறந்த குழந்தைக்கும் சிடோவுடின் என்னும் மருந்தைக் கொடுத்தால், நோய்த்தொற்று மூன்றில் இரண்டு பங்கு குறையும் என்பது 1994இல் மெய்ப்பிக்கப்பட்டது. ஆனால், அம்மருந்தின் விலை ஆப்பிரிக்க ஏழை மக்களுக்கு எட்டாததாக இருந்தது. 1999இல் உகாண்டாவின் கம்பாலா நகரில் நடந்த ஆய்வு புதிய நம்பிக்கையை அளித்தது. பேற்றுவலி கண்ட தாய்க்கு நெவிரபின் மாத்திரை ஒன்றும், பிறந்த குழந்தைக்கு ஒரே வேளை மருந்தும் கொடுத்தபோது, நோய்த்தொற்று ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

எளிய மருந்து கிடைத்தும் அது எல்லாரையும் சென்றடையவில்லை. தென்னாப்பிரிக்க அரசு அம்மருந்தை மாநிலத்துக்கு இரண்டு இடங்களில் மட்டுமே சோதனை முறையில் வழங்கியது. மருந்துக்காகப் போராடிய பொதுமக்கள் இயக்கம் ஒன்று வழக்குத் தொடுத்தது. பிற அரசு மருத்துவமனைகளிலும் தேவைப்படும் தாய்மாருக்கு அம்மருந்து கிடைக்க வழிசெய்ய வேண்டுமென 2002ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் நாள் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

புட்டிக்குள் இருந்த இடர்

பேற்றின்போது நோய் பரவுவதைத் தடுக்க மருந்து உண்டு. பால் வழியே பரவுவதைத் தடுப்பது எவ்வாறு? பாலை நிறுத்திவிடலாம் என்பதே எளிய விடையாகத் தோன்றிற்று. போட்ஸ்வானா போன்ற சில நாடுகள் பால்மாவை இலவசமாக வழங்கின. நோக்கம் நல்லதே. ஆனால், பால்மாவைக் கரைக்கத் தூய நீர் வேண்டும். நீரைக் கொதிக்கவைக்க விறகு வேண்டும். புட்டியைக் கழுவ வசதி வேண்டும். மாவு தீர்ந்துவிட்டால் மீண்டும் பெற மருந்தகம் அருகில் இருக்க வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் புட்டியே நோயின் இருப்பிடமாகிவிடும்.

மற்றோர் இடரும் இருந்தது. எல்லாத் தாய்மாரும் பாலூட்டும் ஊரில் ஒருத்தி மட்டும் புட்டியை எடுத்தால், அவளுக்கு அந்நோய் உண்டென்று ஊரார் ஐயுறுவர். பழிச்சொல்லுக்கு அஞ்சிய தாய் பிறர் காணத் தாய்ப்பாலும், தனிமையில் புட்டிப்பாலும் ஊட்டினாள். இக்கலப்பு உணவூட்டலே மிகவும் தீங்கானது என்பதைத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் அன்னா குட்சூடிஸ், ஹூசென் கூவாடியா ஆகியோர் நடத்திய ஆய்வு 1999இல் எடுத்துக்காட்டியது. மூன்று மாதம் தாய்ப்பால் மட்டுமே பருகிய குழந்தைகளுள் 14.6 விழுக்காட்டினரிடமும், தாய்ப்பாலோடு பிற உணவும் பெற்றவர்களுள் 24.1 விழுக்காட்டினரிடமும் கிருமி காணப்பட்டது. பிற உணவுகள் குழந்தையின் மென்மையான குடற்சுவரைப் புண்படுத்திக் கிருமிக்கு வழி திறந்துவிடலாம் என ஆய்வாளர் கருதினர். 2007இல் வெளியான பெரிய ஆய்வொன்றும், கலப்பு உணவூட்டலைவிடத் தாய்ப்பால் மட்டும் ஊட்டுவதே பாதுகாப்பானது என உறுதிப்படுத்தியது.

கென்யாவின் நைரோபி நகரில் நடைபெற்று 2000இல் வெளியான ஆய்வும் சிந்தனைக்குரியது. புட்டிப்பால் ஊட்டப்பட்ட குழந்தைகளிடையே எச்.ஐ.வி. தொற்று வெகுவாகக் குறைந்தது. ஆனால், இரண்டு வயதுக்குள் இறந்தவர்களின் விகிதம் இரு பிரிவிலும் பெரிதும் வேறுபடவில்லை. ஒரு நோயினின்று தப்பிய குழந்தையை வேறொரு நோய் கொண்டுசென்றது.

இதன் கொடுமையைப் போட்ஸ்வானா நேரில் கண்டது. வைர வருவாயால் வளம்பெற்ற அந்நாட்டில் பெரும்பாலோர்க்குக் குழாய் நீர் கிடைத்தது. எனினும், 2006ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பெய்த பெருமழையைத் தொடர்ந்து வயிற்றுப்போக்கு நாடெங்கும் பரவியது. சில மாதங்களில் ஐந்து வயதுக்குட்பட்ட 500க்கும் மேற்பட்ட குழந்தைகள் மாண்டனர். குழாய் நீரிலும் மாசு கலந்திருந்தது கண்டறியப்பட்டது. மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட கைக்குழந்தைகளுள் மிகப் பெரும்பாலோர் தாய்ப்பால் பெறாதவர்கள். அவர்களுள் பலருக்கு எச்.ஐ.வி. தொற்றே இல்லை. எந்த நோயிலிருந்து காக்கப் பால் நிறுத்தப்பட்டதோ, அந்த நோய் இல்லாமலே அவர்கள் துன்புற்றனர்.

மீண்ட நம்பிக்கை

பாலை நிறுத்துவதற்கு மாறாக, தாயின் உடலிலுள்ள கிருமியை மருந்தால் அடக்கினால் என்ன என்னும் கேள்வி எழுந்தது. விடையும் அதே போட்ஸ்வானாவிலிருந்து வந்தது. தாய்மார் மூவகை மருந்துகளைத் தவறாமல் உட்கொண்டு, ஆறு மாதம் வரை பாலூட்டியபோது, குழந்தைகளுக்குத் தொற்று ஏறத்தாழ 1 விழுக்காடாகக் குறைந்ததென்று 2010இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. அதே ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் தன் வழிகாட்டியைத் திருத்தியது. தாயோ சேயோ மருந்து பெற்றுவரும் நிலையில் ஓராண்டு வரை பாலூட்டலாம் என அது கூறிற்று. 2016இல் அக்காலத்தை இரண்டு ஆண்டாகவும் அதற்கு மேலும் நீட்டித்தது.

2011இல் மலாவி, கருவுற்ற எல்லா எச்.ஐ.வி. நோயாளிகளுக்கும் வாழ்நாள் முழுமைக்கும் மருந்து வழங்கும் திட்டத்தைத் தொடங்கிப் பிற நாடுகளுக்கு வழிகாட்டியது. அவ்வாண்டிலேயே தென்னாப்பிரிக்க அரசு, இலவசப் பால்மாவு வழங்குவதைக் கைவிட்டுத் தாய்ப்பாலை ஊக்குவிக்க முடிவெடுத்தது. தாயிடமிருந்து சேய்க்கு நோய் பரவுவதை ஒழிக்கும் பாதையில் பெரும் முன்னேற்றம் கண்டதற்காக 2021இல் உலகச் சுகாதார நிறுவனம் போட்ஸ்வானாவுக்குச் சிறப்பு ஏற்பு வழங்கியது. இந்நோயால் கடுமையாகப் பாதிக்கப்பட்ட நாடுகளுள் அத்தகைய ஏற்பை முதலில் பெற்றது அதுவே. ஆயினும் பணி முடிந்துவிடவில்லை. 2023இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 1,20,000 குழந்தைகள் புதிதாக இந்நோய்க்கு ஆளாயினர். மருந்து இல்லாமையால் அன்று. அது எட்டவேண்டிய தாயை எட்டாமையால்.

நோயை மட்டுமன்றி நோயுற்றவரின் நிலையையும் காலத்தையும் அறிந்தே மருத்துவம் செய்ய வேண்டும் என்பது திருவள்ளுவர் மருந்து அதிகாரத்தில் வலியுறுத்தும் கருத்து. பால்மாவை வழங்கியோர் நோயை அறிந்திருந்தனர். தாயின் வீட்டிலுள்ள குடத்தையும் அடுப்பையும், அயலாரின் பேச்சையும் அறியாதிருந்தனர். அறிவியல் தவறியது என்று கொள்வதற்கில்லை. பாதி அறிந்த நிலையில் விரைந்தது என்பதே பொருந்தும். பிழையை மறைக்காமல் ஆராய்ந்து, வழியைத் திருத்திக்கொண்டதும் அதே அறிவியலே. ‘குவாஷியோர்க்கர்’ என்னும் சொல்லைக் கானா நாட்டுத் தாய்மாரிடம் கேட்டறிந்த சிசிலி வில்லியம்ஸ், 1930களிலேயே இதற்கு வழிகாட்டியிருந்தார். பிறர்க்கு அறிவுரை கூறும் பணியில் உள்ளோர் யாவரும், கூறுவதற்கு முன் கேட்கக் கற்பாராயின், காப்பாற்றப்படும் குழந்தைகள் பலராவர்.