ஆவிகளைச் சோதித்தறிந்த காலம்

சென்ற வாரம் மசூலாப் படகோட்டிகளைப் பற்றி எழுதியபொழுது, ஆணியின்றித் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய படகுகளில், நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து மனிதரையும் மூட்டைகளையும் கரை சேர்த்த குருகுல வம்சத்தார் தங்கள் உழைப்பின் காசைச் சேர்த்து 1829ஆம் ஆண்டில் புனித பேதுருவாகிய ராயப்பரின் கோயிலை எழுப்பினார்கள் என்றும், அந்த ராயப்பரின் பெயரே ராயபுரத்துக்கு நிலைத்தது என்றும் கூறியிருந்தேன். துறைமுகம் பிறவாத அந்நாளில் கப்பலேறிச் சென்னைக்கு வந்த பாதிரிமார் அனைவரும் இவர்களுடைய தோள்வலியை நம்பியே கரையேறினார்கள். அவர்களுள் ஒருவர், எக்ஸீட்டர் நகரில் பல் வைத்தியராகச் செழிப்புடன் வாழ்ந்து, அந்தத் தொழிலையும் செல்வத்தையும் துறந்து, பாக்தாதில் சில ஆண்டுகள் ஊழியம் செய்தபின் இந்தியாவுக்கு வந்த ஆந்தனி நாரிஸ் குரோவ்ஸ். அவரோடு பழகிய ஒரு தமிழரைப் பற்றியே இந்த வாரம் சொல்ல விரும்புகிறேன்.

ஜான் கிறிஸ்தியன் அருளப்பன் 1810ஆம் ஆண்டில் திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர். பாளையங்கோட்டையில் மிஷனரி ரேனியஸ் ஐயரிடம் பயின்றவர். குரோவ்ஸ் தர முன்வந்த சம்பளத்தை வேண்டாமென்று மறுத்துவிட்டு, தேவன் தருவது போதும் என்று ஊழியத்தில் இறங்கியவர். 1840ஆம் ஆண்டில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அருகே கிறிஸ்தியான்பேட்டை என்னும் ஊரை அமைத்து, நிலத்தைத் திருத்திப் பயிரிட்டு, தம்மை நாடி வந்தவர்களோடு அங்கே வாழ்ந்தார்.

அமெரிக்காவிலும் அயர்லாந்திலும் பெரியதோர் எழுப்புதல் உண்டாயிற்று என்ற செய்தி கடல் கடந்து வந்து சேர்ந்திருந்த 1860ஆம் ஆண்டுக் கோடையில், அவ்வூரின் ஜெபக் கூட்டங்களில் அதுவரை அங்கே எவரும் கண்டறியாத காரியங்கள் நிகழத் தொடங்கின. சிலர் மார்பில் அடித்துக்கொண்டு கதறினார்கள். சிலர் உடல் நடுங்கித் தரையில் விழுந்தார்கள். ஆணும் பெண்ணும் தீர்க்கதரிசனம் உரைத்தார்கள். அந்நியபாஷையில் துதித்தவர்களும், அதற்குப் பொருள் சொன்னவர்களும் இருந்தார்கள். அருளப்பன் இவை அனைத்தையும் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். இக்காலத்துப் பெந்தெகொஸ்தே சபைகளுக்கு வரலாறு எழுதுகிறவர்கள் 1906ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் அசுசா தெருவில் நடந்த கூட்டங்களிலிருந்தே பெரும்பாலும் தொடங்குகிறார்கள். அதற்கு 46 ஆண்டுகளுக்கு முன்பே தெற்கத்திச் சீமையின் ஒரு கரிசல் ஓரத்தில் இது நடந்தது என்பதை நம்மவர் அறிந்திருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

இது தேவனிடத்திலிருந்து வந்ததா, கூட்டத்தின் உணர்ச்சி வேகமா, அல்லது வேறேதேனும் ஆவியின் வேலையா என்ற கேள்வி உடனே எழுந்தது. வடதிருநெல்வேலிப் பகுதியில் ஊழியம் செய்த திருச்சபை மிஷன் சங்கத்துப் பாதிரிமார் இதில் ஒருமனப்படவில்லை. வரங்களை மெய்யென்று ஒப்புக்கொண்டவர்களும் உண்டு, அஞ்சி விலகி நின்றவர்களும் உண்டு. அஞ்சியவர்களை நான் குறை கூறமாட்டேன். அதற்குச் சுமார் முப்பது ஆண்டுகளுக்கு முன்பு லண்டனில் எட்வர்ட் இர்விங் என்னும் போதகரின் சபையில் இத்தகைய வரங்கள் தோன்றியபோது, அங்கே தீர்க்கதரிசனம் உரைத்துப் புகழ்பெற்ற ராபர்ட் பாக்ஸ்டர் என்னும் வக்கீல், தம் வாயிலிருந்து வந்த வாக்குகள் பொய்த்துப்போனதைக் கண்டு, இது தேவ ஆவியன்று என்று இர்விங்கிடமே சென்று சொல்லிவிட்டு, நடந்ததையெல்லாம் 1833ஆம் ஆண்டில் ஒரு நூலாகவும் வெளியிட்டார். பிறருடைய தரிசனத்தைச் சோதிப்பது எளிது. கேட்பவர்கள் மெய்சிலிர்த்து நிற்கையில் தன்னுடைய வாக்கைத் தானே தராசில் ஏற்றுவதற்கு எத்தகைய நேர்மை வேண்டும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

கிறிஸ்தியான்பேட்டையில் விழுந்தவர்கள் எழுந்தபின் என்ன செய்தார்கள் என்பதே என் மனத்தைக் கவர்கிறது. பாவங்களை வாய்விட்டு அறிக்கையிட்டார்கள், ஞானஸ்நானம் பெற்றார்கள், மிஷனிடம் சம்பளம் கேளாமல் ஊர் ஊராகப் புறப்பட்டுச் சுவிசேஷம் சொன்னார்கள். கனியைக் கொண்டே மரத்தை அறியவேண்டும் என்று இயேசு வகுத்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், நடுக்கமும் கதறலும் அந்தக் கோடையோடு போயிருந்தாலும் மிச்சமாய் நின்றது இதுதான்.

எழுப்புதலின் அலை மேற்கே திருவிதாங்கூருக்கும் சென்றது. அங்கே, தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் ராமய்யன் என்ற பெயருடன் பிறந்து, 1861ஆம் ஆண்டில் ஞானஸ்நானம் பெற்று, வித்வான் குட்டி என்று பெயர் விளங்கிய யூஸ்தூஸ் ஜோசப் ஓர் எழுப்புதலின் தலைவரானார். 1875ஆம் ஆண்டில் ஒருவர் கண்ட தரிசனத்தை நம்பி, ஆறு ஆண்டுகளில், அதாவது 1881ஆம் ஆண்டில், கிறிஸ்து திரும்ப வருவார் என்று அவரும் அவரைச் சார்ந்தவர்களும் அறிவித்தார்கள். அந்த ஆண்டு வந்தது, வானம் திறக்கவில்லை. சொன்ன வார்த்தை நிறைவேறாவிட்டால் அது கர்த்தர் சொன்னதன்று என்று மோசேயின் ஆகமம் தெளிவாக விதித்திருக்க, அவர்களோ கிறிஸ்து ஆவியில் வந்துவிட்டார் என்று பொருளை மாற்றிக்கொண்டு, யூயோமயம் என்னும் தனிச் சபையைத் தொடங்கினார்கள். அம்மனிதருடைய பக்தியில் எனக்கு ஐயமில்லை. அவர் இயற்றிய கீர்த்தனைகள் இன்றும் மலையாளச் சபைகளில் உருக்கத்தோடு பாடப்படுகின்றன. பக்தி மெய்யாயிருந்தும் தரிசனம் பொய்யாயிருக்கக் கூடும் என்பது எனக்கு வேதனை தரும் உண்மையாகவே இருக்கிறது.

கத்தோலிக்கத் திருச்சபை இவ்விஷயத்தில் முன்னெப்போதையும்விட நிதானம் காட்டுகிறது. 2024ஆம் ஆண்டு மே மாதம் வத்திக்கான் வெளியிட்ட விதிமுறைகளின்படி, காட்சிகளும் அற்புதங்களும் தெய்விகமானவையே என்று பொதுவாக இனி அறிவிப்பதில்லை. உள்ளூர் ஆயர் விசாரித்து அளிக்கக்கூடிய மிக உயர்ந்த தீர்ப்பே தடையில்லை என்பதுதான்.

காசிமேட்டில் எங்கள் ஆயாவின் வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் இரவு ஜெபம் நடக்கும். நான் சிறுவனாயிருந்தபோது ஒரு வெள்ளியன்று, விசைப்படகில் தொழிலுக்குப் போகும் இளைஞர் ஒருவர், வெண்வஸ்திரம் தரித்த ஒருவரைத் தரிசனத்தில் கண்டதாக உடல் வியர்க்கச் சொன்னார். அறையில் இருந்தவர்கள் ஸ்தோத்திரம் என்று முழங்கினார்கள். ஆயா மட்டும் ஜெபமாலையைக் கையில் சுற்றியபடியே, "நல்லது நைனா, அவரு வந்தாரு. வலைக் காசு தகராறுல மூணு மாசமா உன் அண்ணங்கிட்ட பேசாம இருக்கியே, அதைப் பத்தி ஏதாச்சும் சொன்னாரா?" என்று கேட்டாள். அவர் சற்று நேரம் தலை குனிந்திருந்தார். பிறகு எழுந்து, கொடியில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, வலைகள் குவிந்து கிடந்த சந்து வழியே அண்ணன் வீட்டை நோக்கி நடந்தார்.