முன் அச்சின் முணுமுணுப்பு

ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் வண்டி சிறிது தூரம் தானாக உருள வேண்டும். யாரோ பின்னால் பிடித்து இழுப்பதுபோல் சுணங்கி, அடியிலிருந்து ஊளையோ உறுமலோ எழுந்தால், நான்கு சக்கர இழுவை வண்டிகளில் பழகிய மெக்கானிக் முதலில் முன் அச்சைத்தான் சந்தேகிப்பார். அந்தச் சந்தேகம் ஜீப்போடு பிறந்தது.

அமெரிக்க ராணுவத்துக்காக பான்டம் நிறுவனம் செய்த முதல் மாதிரி, 1940 செப்டம்பர் 23 அன்று மேரிலாண்டின் ஹோலபேர்ட் முகாமுக்குப் போய்ச் சேர்ந்தது. பிறகு போர் முடிவதற்குள் வில்லிஸும் ஃபோர்டும் 6 லட்சத்துக்கும் அதிகமான ஜீப்புகளைச் செய்து தள்ளின. ஓட்டுநருக்கு அருகே கியர் கம்பியோடு இன்னும் இரண்டு கம்பிகள் இருந்தன. ஒன்று முன் அச்சை இணைக்கும், பிரிக்கும். மற்றது வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும். ஆனால் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் ஓடியாக வேண்டும்; இரண்டு ப்ரொப்பல்லர் ஷாஃப்டுகளோ ஒரே வேகத்தில்தான் சுற்றும். சேற்றிலும் மணலிலும் டயர் சறுக்கி அந்தக் கணக்கைத் தீர்த்துவிடும். தார்ச்சாலையில் அது நடக்காது. முறுக்கு ஷாஃப்டிலேயே தேங்கும், ஸ்டியரிங் கனக்கும், கம்பியை இழுத்தாலும் விடுபடாது. கொஞ்ச தூரம் ரிவர்ஸில் போனால் அவிழும்.

போருக்குப் பின் உபரி ஜீப்புகள் பண்ணைகளுக்கும் கடைகளுக்கும் வந்தபோது வேறொரு தொல்லை தெரிந்தது. முன் அச்சைப் பிரித்து ஓட்டினாலும், உருளும் முன் சக்கரங்கள் அச்சுத்தண்டு, கிரவுன், பினியன், முன் ஷாஃப்ட் எல்லாவற்றையும் வீணாகச் சுற்றின. பெட்ரோல் கரைந்தது, பாகங்கள் தேய்ந்தன, இரைச்சல் ஓயவில்லை. 1948-ல் சியாட்டிலில் தொழில் தொடங்கிய ஆர்தர் வார்ன் இதற்கு ஹப் லாக்கைக் கொண்டுவந்தார். அதை விடுவித்தால் சக்கரம் மட்டும் சுற்றும், முன் அச்சு சும்மா கிடக்கும்.

அதே 1948-ல் ஆம்ஸ்டர்டாமில் அறிமுகமான லேண்ட் ரோவர் வேறு வழியில் போனது. நான்கு சக்கரங்களுக்கும் எப்போதும் இழுவை. முன் அச்சுக்குப் போகும் பாதையில் ஒரு ஃப்ரீவீல். வளைவில் முன் சக்கரங்கள் முந்திச் சுற்ற அது இடம்கொடுத்தது. ஆனால் மலை இறக்கத்தில் எஞ்சின் பிரேக்கிங் முன் சக்கரங்களுக்கு எட்டாது. அதற்காகவே ஃப்ரீவீலைப் பூட்ட ஓட்டுநரின் காலடியில் ஒரு வளையம் வைத்தார்கள். 1950-க்குப் பிறகு லேண்ட் ரோவரும் ஜீப்பைப்போல் முன் அச்சை இணைத்துப் பிரிக்கும் முறைக்கே மாறியது.

இந்தியாவில் மஹிந்திரா 1947-ல் வில்லிஸ் ஜீப்புகளைப் பாகங்களிலிருந்து இணைத்து உருவாக்கத் தொடங்கியது. போடியிலிருந்து ஏலமலைக்கு ஆளேற்றிப் போகும் ஜீப்புகள் அந்த வம்சம்தான்.

பெட்ரோலை மிச்சம்பிடிக்கப் பிறந்த ஹப் லாக், பழுது கண்டுபிடிக்கவும் கைகொடுத்தது. இரண்டு பக்கமும் விடுவித்து ஓட்டும்போது இரைச்சல் நின்றால் குற்றவாளி முன் அச்சு. நிற்காவிட்டால் வேறு இடத்தில் தேட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் விடாமல் பிடித்திருந்தால் அந்தப் பக்கத்து அச்சுத்தண்டு சுற்றிக்கொண்டே இருக்கும்.

மீதியைக் கையும் காதும் சொல்லும். ஓடி நின்றதும் ஒரு சக்கரத்தின் நடுப்பகுதி மட்டும் கொதித்தால் பிரேக் ஷூ ஒட்டியிருக்கலாம், பேரிங் இறுகியிருக்கலாம். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது உறுமல் கூடினால் வீல் பேரிங். கியர் விழும்போது ‘டங்’ என்றால் ஷாஃப்டின் கிராஸ். கிரவுன் பல்லின் ஒரு முகம் இழுக்கும்போதும் மறுமுகம் உருளும்போதும் பளுவைத் தாங்குகிறது. ஆகவே காலை எடுத்ததும் மட்டும் ஊளை கேட்டால் பினியன் பேரிங்கைப் பார்ப்பார்கள். கம்ப்யூட்டர் ஸ்கேனர் வந்த பின்னும் இந்தக் காது பட்டறைக்குத் தேவைப்படுகிறது. பேரிங் தேய்வதைச் சொல்ல எந்தச் சென்சாரும் அங்கே இல்லை.

1970-ல் வந்த ரேஞ்ச் ரோவர் நடுவிலும் டிஃபரன்ஷியல் வைத்து, நிரந்தர நான்கு சக்கர இழுவையைத் தார்ச்சாலைக்கும் ஏற்றதாக்கியது. அந்த நடு டிஃபரன்ஷியலின் பூட்டைச் சேற்றில் போட்டுவிட்டு எடுக்க மறந்தால் பழைய முறுக்கு அப்படியே திரும்பும். நடு டிஃபரன்ஷியல் இல்லாத வண்டியில், முன்னால் புது டயரும் பின்னால் தேய்ந்த டயருமாக இருந்தால், இழுவையை இணைத்து நேர்சாலையில் போனாலும் முறுக்கு சேரும். அதனால்தான் கியர் பெட்டியைத் திறக்கும் முன், கைதேர்ந்தவர்கள் நாடாவை எடுத்து நான்கு டயர்களின் சுற்றளவையும் அளக்கிறார்கள்.